பூஜ்யம் அண்ணனின் காது

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவரைப் பூஜ்யம் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். ஆளைக் குறைத்துச் சொல்லும் பட்டமில்லை அது. கப்பல் என்பது இரும்பு. இரும்பு போகிற இடத்துக்கெல்லாம் காந்தமும் கூடவே போகும். கடலடியில் கிடக்கும் கண்ணிவெடி அந்தக் காந்தத்தை மோப்பம் பிடித்து வெடிக்கும். அதை அடக்க, கப்பலுக்குள் ஓடும் கம்பிச் சுருள்களில் எவ்வளவு மின்சாரம் விட வேண்டும் என்று அளந்து சொல்வது எங்கள் வேலை. அளக்கும் கருவியைத் தினமும் காலையில் பூஜ்யத்தில் நிறுத்துவது அவர் வேலை. பக்கத்தில் உட்கார்ந்து பதினேழு வருடம் அளவுகளைப் பதிவு செய்தவள் நான்.

கருவி இருந்த மரக் கொட்டகையில் ஆணிகூடப் பித்தளை. சாவி, பெல்ட், என் கொண்டை ஊசி வரை வாசல் கூடையில் போட்ட பிறகுதான் உள்ளே விடுவார். ஒருமுறை இயக்குநரையே பெல்ட்டைக் கழற்றச் சொல்லி, பேன்டைக் கையில் பிடித்தபடி நடக்கவைத்தார்.

அப்படிப்பட்டவருக்குக் காது மந்தமாயிற்று. கரடியாய்க் கத்தினாலும் "என்னம்மா?" என்பார். விஷயம் தெரிந்தால் கோப்புப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்களே என்ற பயத்தில், காதுக்குள் அடங்கிவிடும் கேட்புக் கருவி ஒன்றை யாருக்கும் சொல்லாமல் வாங்கி மாட்டிக்கொண்டார். அதற்குள் மிளகளவு காந்தம் இருக்கிறது. ஊருக்குத்தான் உபதேசம். அதைக் கழற்ற மறந்து, குனிந்து அவர் பூஜ்யம் வைத்த ஒரு காலையில் இரண்டு கப்பல்கள் அளவெடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குத் திரும்பின.

கடலுக்குப் போன பன்னிரண்டாம் நாள் முதல் கப்பல் கண்ணிவெடியில் சிக்கியது. ஒன்பது பேர் செத்தார்கள். 'பழைய வெடி, தவிர்க்க முடியாத விபத்து' என்று எழுதி விசாரணையை முடித்துவிட்டார்கள். இரண்டாவது கப்பல் இயந்திரக் கோளாறில் ஐந்து மாதம் துறைமுகத்திலேயே கிடந்தது.

அண்ணன் பாதி ஆளாகிவிட்டார். பேசிக்கொண்டே இருப்பவர் சட்டென்று நிறுத்தி மேலே பார்ப்பார். "கேக்குதாம்மா? தலைக்கு மேல இன்ஜின் போகுது." ஜன்னலுக்கு வெளியே கடல் காலியாக இருக்கும். ஒருநாள் அண்ணி போன் செய்து அழுதார். "காதுல இருக்கிற மெஷினக் கழட்டி வெச்சாத்தான் அவருக்கு நல்லாக் கேக்குதாம். ஒன்பது பேரும் பேசுறாங்களாம்." காதில் மெஷினா? அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. வயசாகிவிட்டது, பாவம் என்று நினைத்தேன். என் மூளையைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரண்டாவது கப்பல் வியாழக்கிழமை கிளம்புகிறது, பழைய அளவே போதும் என்று சுற்றறிக்கை வந்தது. புதன்கிழமை மதியம் அண்ணன் என்னைக் கொட்டகைக்கு அழைத்துப்போனார். காதிலிருந்த சாமானை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "கருவிகிட்டக் கொண்டு போம்மா." கொண்டுபோனேன். திரையில் எண் எகிறியது. தள்ளி வந்தேன், இறங்கியது. அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

நேரே இயக்குநர் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னோம். "முடிஞ்சுபோனதக் கிளறாதீங்க" என்றார் அவர்.

அண்ணன் நகரவில்லை. "அந்தக் கப்பல்ல நாப்பது பேர் இருக்காங்க சார். முதல்ல அத நிறுத்துங்க. அப்புறம் என்னை என்ன வேணா பண்ணுங்க."

நிறுத்தினார்கள். வேறொருவர் பூஜ்யம் வைத்து மறுபடி அளந்தார். சுருள்களில் ஓடிய மின்சாரம் தப்புதான். அதைத் திருத்திய பிறகே கப்பல் கிளம்பியது.

அண்ணனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று மாலை பார்க்கப் போனேன். கூடத்தில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"விடுங்கண்ணே. தெரியாமப் பண்ணினதுதானே. தெரிஞ்சதும் வாயத் திறந்து சொல்லிட்டீங்க. நாப்பது உசுர் தப்பிச்சிருக்கு."

"எப்போ தெரிஞ்சுதுன்னு நீ கேக்கவே இல்லையேம்மா."

"எப்போ?"

"பூஜ்யம் வெச்ச அன்னிக்குச் சாயங்காலமே. சட்டையக் கழட்டும்போது காதுல கை பட்டுச்சு. பகீர்னுச்சு." மூச்சு வாங்கினார். "முதல் கப்பல் மறுநாள் காலையிலதான்ம்மா கிளம்புச்சு."