பலகையில் இரண்டு எழுத்து

சின்ன 'ர'வுக்கும் பெரிய 'ற'வுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவே இல்லை. கல்யாணமான புதிதில், விருந்தாளி வருகிறார்கள், சமையலுக்குக் 'கரி' வாங்கி வரவும் என்று சீட்டெழுதி என் வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். மனிதர் ஒரு மூட்டை அடுப்புக்கரியோடு வந்து நின்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. எழுதினபடிதானே வாங்கி வந்தேன் என்றார். விருந்தாளிகளுக்கு அன்று ரசமும் சோறும்தான். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.

சிராங்கூன் ரோட்டை ஒட்டிய எங்கள் சந்தில் ஒரு சங்கம் இருந்தது. ஊருக்கு நல்லது செய்துவிட்டுப் போனவர்களை மறக்கக் கூடாது என்பதற்காக ஆரம்பித்தது. பேதி கண்டவர்களுக்கு ராத்திரி பகல் பாராமல் மருந்து கொடுத்த கம்பவுண்டர், அநாதைப் பிள்ளைகளைத் தன் மாட்டுக் கொட்டகையில் வைத்து வளர்த்த பால்காரம்மா, இப்படிப்பட்டவர்கள் குடியிருந்த வீட்டு வாசலில் ஒரு பலகை மாட்டுவார்கள். மேலே பெயர், கீழே 'இவ்வீட்டில் வாழ்ந்தார்'. சங்கத்தின் செயலாளர் என் வீட்டுக்காரர். பலகைகளில் இருந்ததெல்லாம் அவர் கையெழுத்துதான். வருஷத்துக்கு ஒரு நாள் எல்லாரும் கூடி அந்தப் பெயர்களை வாசிப்பார்கள்.

ஜப்பான்காரன் வந்தான். சிங்கப்பூர் என்ற பெயர் போய் ஊர் சியோனான் ஆனது, கடிகாரம் தோக்கியோ நேரத்துக்கு ஓடியது, மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு தின்றோம். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது, ஆட்களின் பெயரெழுத ஒரு கிராணி வேண்டும் என்று என் வீட்டுக்காரரையும் லாரியில் ஏற்றினார்கள். மூன்றே மாதம் என்றார்கள். ஒரு வருஷம் ஆகியும் அவரிடமிருந்து ஒரு வரி வரவில்லை.

ஒரு மத்தியானம் சங்கத் தலைவர் வந்தார். ரோட்டுமுனைத் துணிக்கடைக்காரர், எங்களுக்கு அண்ணன் மாதிரி. கையில் பழந்துணி சுற்றிய பலகை. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. உயிரோடு இருப்பவர்களுக்குச் சங்கம் பலகை எழுதுவதில்லை. சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவன், என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்விட்டதாகச் சொன்னானாம்.

"கண்ணால பாத்தானாண்ணே?" என்று கேட்டேன்.

"கேள்விப்பட்டதுதாம்மா. எல்லாருக்கும் எழுதுனவருக்கு நாங்க எழுதாம விட்டா..." அண்ணன் துணியைப் பிரித்துக் காட்டினார்.

எனக்கு வந்த கோபத்துக்குப் பலகையை அடுப்பில் வைத்திருப்பேன். ஆனால் அதில் அவர் பெயர் இருந்தது. வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

'வாழ்ந்தார்' என்பதில் நடுவே இரண்டு எழுத்தை மாற்றினால் 'வாழ்கிறார்' ஆகிவிடும். அண்ணன் போனதும் கத்தியால் அந்த இரண்டையும் சுரண்டினேன். அந்தக் காலத்தில் பெயிண்டுக்கு எங்கே போவது? அடுப்புக்கரியைப் பொடித்து எண்ணெயில் குழைத்து, குச்சியில் துணி சுற்றி எழுதி, நானே வாசலில் மாட்டினேன்.

மறுநாள் அண்ணன் வந்து நின்று வாசித்தார். ஆணி சரியாக இறங்கவில்லை என்று மட்டும் சொல்லி, ஒரு கல்லை எடுத்து அடித்து இறக்கிவிட்டுப் போனார். அந்த வருஷம் சங்கம் கூடியபோது என் வீட்டுக்காரர் பெயரை அவர் வாசிக்கவில்லை. எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. இருந்தாலும் தினமும் வாசல் தெளிக்கும்போது, நான் எழுதியது பொய்யாகிவிடுமோ என்று பயந்துகொண்டேதான் பலகையை நிமிர்ந்து பார்ப்பேன்.

சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்த சில மாதத்தில், ஒரு காலை, வாசலில் ஒரு ஆள் தடியூன்றி நின்றார். எலும்பும் தோலுமாக, மொட்டைத் தலையோடு. சயாமிலிருந்து மீண்டவர்கள் அப்படித்தான் வீடு வீடாகச் சாப்பாடு கேட்டு வருவார்கள். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் உள்ளே போய்க் கிழங்கு எடுத்து வந்தேன். அவர் தட்டைப் பார்க்கவில்லை. அண்ணாந்து பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்குப் பெரிய 'ற' போடணும்," என்றார். "எத்தன தடவ சொல்றது ஒனக்கு?"

தட்டோடு வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். அந்த எழுத்தைத் திருத்த அவர் எவ்வளவோ கேட்டும் நான் விடவே இல்லை.