எஸ்தர் டீச்சரின் மூன்றாவது வரி

எஸ்தர் டீச்சர் இறந்துவிட்டார் என்ற செய்தி, நான் டோம்பிவிலியிலிருந்து வரும் மும்பை லோக்கல் ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது வந்தது. ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு வரி. படித்தேன். போனைப் பையில் வைத்தேன். தாதரில் இறங்கினேன். எதுவும் தோன்றவில்லை. மாலைக்குள் குழுவில் கும்பிடும் கைகள் குவிந்திருந்தன. அவருடைய வகுப்பை 'மச்சி மார்க்கெட்', மீன் சந்தை, என்று கேலி செய்தவர்களின் கைகளும் அவற்றில் இருந்தன.

தாராவியில் ஒரே பள்ளியில் இருவரும் இயற்பியல் நடத்தினோம். அவர் வகுப்பில் பெஞ்சுகள் எதிரெதிராகக் கிடக்கும். நான்கு பேருக்கு ஒரு குழு. சோதனைக்கு முன் ஒவ்வொருவரும் தாளில் எழுத வேண்டும்: முதல் வரியில் என்ன நடக்கும், இரண்டாவதில் ஏன். பேனாவில்தான். பிறகு குழுவுக்குள் வாதம். சோதனை முடிந்ததும் மூன்றாவது வரி: எங்கே தவறினேன். "தப்பா எளுதலாம். காரணம் இல்லாம எளுதக்கூடாது" என்பார்.

ஒருநாள் வராந்தாவில் போன என்னை அழைத்தார். "சார், இந்தக் குரூப்ல ஒராளு கொறையுது. உக்காருங்க."

நாற்பது வாட், நூறு வாட் குண்டு பல்புகள் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியில் இணைத்திருந்தார். எது பிரகாசமாக எரியும்? யோசிக்காமல் 'நூறு' என்று எழுதினேன். காரணம் எழுதவில்லை.

"எப்படி சார்? ரெண்டுலயும் ஒரே கரண்டுதான போவுது? நாப்பதுக்குத்தான ரெசிஸ்டன்ஸ் ஜாஸ்தி?" என்றாள் பக்கத்திலிருந்த மல்லிகா.

"பதினெட்டு வருஷமா பாடம் எடுக்கிறேன்மா."

"அது காரணம் இல்லியே சார். லகாகே தேக்கோ நா, போட்டுத்தான் பாருங்களேன்!"

சுவிட்சைப் போட்டார்கள். நாற்பது பளிச்சென்று எரிந்தது. நூறில் கம்பி மட்டும் லேசாகச் சிவந்தது. வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. என் தாளை மடித்துக் கையில் கொடுத்தார். "மூணாவது வரி பாக்கி இருக்கு சார்."

அடுத்த வாரம் நிர்வாகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. வகுப்பில் ஒழுங்கில்லை, பாடம் முடிவதில்லை என்று இருந்தது. பெஞ்சுகள் மறுபடி வரிசைக்குத் திரும்பின. ஆசிரியர் அறையில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஒளுங்கில்லன்னு எளுதுனவுக, ஏன்னு எளுதல. எம்பிள்ளையளா இருந்தா எளுதியிருக்கும்." ஓய்வு பெறும்வரை கரும்பலகையைப் பார்த்தே பாடம் நடத்தினார். என்னோடு டீ குடிப்பதை நிறுத்தவில்லை. அதையும் நான் மன்னிக்கவில்லை.

யாரோ பெற்றோர் எழுதியது என்றே, இன்று குழுவில் கைகூப்பிய நீங்கள் எல்லோரும் நம்பினீர்கள்.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. 'நூறு' என்ற சொல்லில் மை மங்கவில்லை. இன்று அதில் மூன்றாவது வரியை எழுதினேன்: அந்தக் கடிதம் என்னுடையது. பிள்ளைகள் சிரித்தார்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணமில்லை.