கைகளை மடக்கிக்கொண்டு வரிசையில் வந்தவன்

என் தம்பி பல்செட் செய்கிறவன். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, அந்த அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, அரைமில்லி ஏறியிருந்தாலும் பிடுங்கி மறுபடி நடுவான். எங்கள் மாதா கோயிலில் அறுபதைத் தாண்டியவர்களில் பாதிப்பேர் அவன் பல்லோடுதான் பாட்டுப் பாடுகிறார்கள். பதினாறு வருஷத்துக்கு முன்னால் அவனைப் பூசையில் நன்மை, அதாவது கிறிஸ்துவின் உடலாகத் தரும் அப்பம், வாங்க வரக்கூடாது என்று சொன்ன பங்குச்சாமியார்கூட, தம்பி செய்துகொடுத்த மேல்வரிசையை மாட்டிக்கொண்டுதான் அதைச் சொன்னார். நான் இதைப் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பேன். தம்பிக்குப் பிடிக்காது.

"விடுக்கா. அவர் கேட்டாரு, நான் சொன்னேன்" என்பான்.

கேட்டதும் சொன்னதும் இதுதான். தம்பியும் ஒரு பஸ் டிரைவரும் அப்போதே ஆறு வருஷமாக ஒரே வீட்டில் குடித்தனம் செய்துகொண்டிருந்தார்கள். யாரோ போய்ப் பற்றவைத்திருக்கிறார்கள். சாமியார் கூப்பிட்டு, "அவர் உங்க சிநேகிதர்தானே?" என்று தப்பிக்க ஒரு வழியையும் வைத்தே கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். இவன், "இல்ல சாமி, நாங்க குடும்பமாத்தான் இருக்கோம்" என்றான். அந்த வாழ்க்கையை விட்டுவிட்டு வா, பாவமன்னிப்பு தருகிறேன், அதுவரை நன்மை வாங்காதே என்று அவரும் சொல்லிவிட்டார்.

நானாக இருந்தால் அன்றோடு கோயிலுக்கு ஒரு கும்பிடு போட்டிருப்பேன். தம்பி அடுத்த ஞாயிறும் வந்தான். நன்மை வரிசையில் எல்லோரோடும் நின்று முன்னால் போய், இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே மடக்கி, தலை குனிந்தான். நன்மை வேண்டாம், ஆசீர்வாதம் மட்டும் போதும் என்பதற்கு எங்கள் கோயிலில் அதுதான் அடையாளம். குருவானவர் நெற்றியில் சிலுவை போடுவார், இவன் திரும்பி வருவான். பதினாறு வருஷம். அவனுக்குப் பின்னால் நிற்கும் நான், பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி அரை மணி நேரம் புறம் பேசிவிட்டு வந்து, கூச்சமில்லாமல் நாக்கை நீட்டி வாங்கிக்கொள்வேன்.

"பசிக்குதுக்கா" என்று ஒரே ஒருமுறை, கோயில் வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னான். சோற்றுப் பசியைச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

இந்த வருஷம் பங்குச்சாமியார் விடுமுறையில் போனபோது, வேறு வழிபாட்டு முறையைச் சேர்ந்த ஒரு சாமியார் ஒரு மாதத்துக்கு வந்தார். கத்தோலிக்கர்தான், ஆனால் அவர்கள் பூசை செய்யும் விதம் வேறு. முதல் ஞாயிறு தம்பி வழக்கம்போல் கைகளை மடக்கிக்கொண்டு போய் நின்றான். அவர் நெற்றியில் சிலுவை போடவில்லை. அப்பத்தை எடுத்து நேரே அவன் உதட்டருகே கொண்டுவந்துவிட்டார். அவர்கள் கோயிலில் கைகளை மடக்கி வந்து நின்றால், நன்மை வாங்க வந்திருக்கிறேன் என்று அர்த்தமாம். எங்களுக்கு எப்படித் தெரியும்?

வாயைத் திறக்கவேண்டியதுதான் பாக்கி. எவனுக்கும் தெரியாது, தெரிந்தாலும் தப்பு சாமியாருடையது. பின்னால் நின்ற நான், வாங்குடா, வாங்கித் தொலைடா என்று மனசுக்குள் கத்தினேன். அவன் ஒரு அடி பின்னால் நகர்ந்து, "எனக்கு ஆசீர்வாதம் மட்டும், சாமி" என்றான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவனைத் திட்டித் தீர்த்தேன். "ஆள் தெரியாம குடுத்ததை எப்படிக்கா வாங்கறது?" என்றான்.

செவ்வாய்க்கிழமை மதியம் அந்தச் சாமியார் வீடு தேடி வந்தார். நானும் அங்கே இருந்தேன். டிரைவருக்குப் பக்கவாதம் வந்து ஐந்து வருஷமாகிறது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அவரை உட்காரவைத்து, வாயைத் துடைத்து, முதுகில் புண் வராமல் இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப்போடுவது தம்பிதான். முன்னறையில் பல்லை நட்டுக்கொண்டே ஒரு காது உள்ளே இருக்கும். ஒரு நர்ஸ் வைத்துக்கொள் என்று நான் சொல்லாத நாளில்லை. அவன் காதில் போட்டுக்கொண்டதில்லை.

சாமியார் முதலில் மன்னிப்புக் கேட்டார். தம்பி நடந்ததெல்லாம் சொன்னான். அவர் கட்டிலைப் பார்த்தார், மாத்திரை டப்பாக்களைப் பார்த்தார்.

"உங்களை மரியாதையா, பரிவோட ஏத்துக்கணும்னு திருச்சபை சொல்லுது. இந்த உறவு தப்புன்னும் சொல்லுது. ரெண்டையும் நான் மாத்த முடியாது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா இப்ப நீங்க ரெண்டு பேரும் சகோதரர்கள் மாதிரிதானே இருக்கீங்க. பழசெல்லாம் பாவம்னு வருந்தி மனஸ்தாபப்பட்டு, அதை எங்கிட்ட சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணினா, இன்னிக்கே நான் நன்மை குடுக்கலாம்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. பதினாறு வருஷப் பூட்டு, இதோ திறந்தே கிடக்கிறது. கை தானாகத் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டது. தம்பி கட்டிலில் கிடந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு ஆயிரம் பாவம் இருக்கு, சாமி. கோவம் இருக்கு, இவர் மேல ரெண்டு தடவை கையோங்கிட்டேன், அதுக்கெல்லாம் அழுதிருக்கேன். ஆனா இவரோட வாழ்ந்ததுக்கு எனக்கு மனஸ்தாபம் வரல. வந்துச்சுன்னு சொன்னா அது பொய். பொய்யைச் சொல்லிட்டு வாயைத் திறக்கறதுக்கு, நான் சும்மாவே இருக்கேன்."

சாமியார் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவருக்கு?" என்று டிரைவரைக் காட்டினார். டிரைவரும் ஞானஸ்நானம் வாங்கினவர்தான்; பேசமுடியாத நோயாளியிடம் பாவத்தைச் சொல் என்று கேட்க முடியாது. குருவானவர் மன்னிப்புக் கூறி, எண்ணெய் பூசி, நன்மை கொடுக்கலாமாம். வேணுமா என்று தம்பி அவர் காதில் கேட்டான். டிரைவர் இடது கையால் தம்பியின் சட்டையைப் பிடித்தார். அந்த வீட்டில் அதற்கு ஆமாம் என்று பொருள்.

எண்ணெய் பூசினார். அப்பத்தில் ஒரு துணுக்கை ஒடித்து நாக்கில் வைத்தார். டிரைவருக்கு இறங்கவில்லை. இரண்டுமுறை தொண்டை ஏறி இறங்கி, எச்சிலோடு துணுக்கு வெளியே வந்துவிட்டது. கீழே விழாமல் தம்பி உள்ளங்கையில் ஏந்திக்கொண்டான். பதினாறு வருஷமாக எதற்காக ஏங்கினானோ, அது அவன் கையிலேயே கிடந்தது.

"மாத்திரையும் இவருக்கு இப்படித்தான், சாமி. தண்ணியில கரைச்சா இறங்கும். செய்யலாமா?" என்றான்.

சாமியார் தலையாட்டினார். தம்பி ஒரு கரண்டியில் வைத்துத் தண்ணீர் விட்டுக் கரைத்தான். டிரைவரின் தலையைத் தன் தோளில் சாய்த்து, தாடையை விரலால் தாங்கி, சொட்டுச் சொட்டாக ஊற்றினான். கரண்டியின் அடியில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. சாமியார் அப்போது எழுந்து ஜன்னல் பக்கம் போய், வெளியே என்னமோ இருப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார். எடுத்துக்கொள் என்று சொல்ல அவருக்கு அதிகாரமில்லை. அவரால் முடிந்தது அவ்வளவுதான் என்று எனக்குப் புரிந்தது. தம்பிக்கும் புரியாமல் இருக்காது.

அவன் கரண்டியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டான். விரலால் சுற்றிக் கழுவி, அதையும் டிரைவருக்கே ஊற்றினான். விரலையும் அதே தண்ணீரில் அலசிக் கொடுத்தான். தொண்டை அசைகிறதா என்று குனிந்து பார்த்தான்.

"முழுசா இறங்கிடுச்சு, சாமி" என்று நிமிர்ந்தான். கண்ணில் தண்ணீர் வழிய, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தான்.

நான் ஐம்பத்தெட்டு வருஷமாக நன்மை வாங்குகிறேன். அப்படி ஒரு முகத்தோடு பீடத்திலிருந்து ஒருநாளும் திரும்பியதில்லை.