யன்னல் வலையில் ஒன்பது பற்கள்

என் அம்மாவைக் கொல்லக்கூடிய ஓட்டை ஒன்றை நான் எட்டு வயதில் வெட்டினேன். என் சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். வெட்டும்போது அது யாரையும் கொல்லும் என்ற எண்ணம் எனக்கு இருக்கவில்லை. வெட்டி முடித்து, கத்தரிக்கோலைப் பள்ளிப் பைக்குள் வைத்து மூடிய பிறகுதான் அந்த எண்ணம் வந்தது. வந்த எண்ணம் ஒரு வாரம் என்னை விட்டு அசையவில்லை.

அப்போது நாங்கள் ஜேர்மனியில், பான் நகரில் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருந்தோம். குசினி யன்னலுக்கு வெளியே முற்றம். முற்றத்தில் ஒரு பிளம்ஸ் மரம், அதன் நிழலில் நாலு குப்பைத் தொட்டிகள். இந்த ஏற்பாட்டைச் செய்தவருக்குக் குளவிகள் மீது தனிப் பாசம் இருந்திருக்க வேண்டும். முந்தின வருடக் கோடையில் அம்மா அங்கே குப்பை கொட்டப் போனபோது ஒரு குளவி அவர் கழுத்தில் கொட்டியது. திரும்பி வந்து கதிரையில் இருந்தவருடைய முகம் என் கண்முன்னே வேறு யாருடையதோ முகமாக வீங்கியது. மூச்சு விடும்போது விசில் போல ஒரு சத்தம் கேட்டது. அம்புலன்ஸ்காரர் வந்து ஊசி போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள். இன்னொரு தரம் கொட்டினால் இதைவிட மோசமாகலாம் என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து குசினிச் சுவரில் ஒரு சிவப்புப் பை தொங்கியது. அதற்குள் அம்மா தன் தொடையில் தானே போட்டுக்கொள்ளும் அவசர ஊசி இருந்தது. நான் அந்தப் பையை நேராகப் பார்க்கமாட்டேன். பார்த்தால் விசில் கேட்கும்.

அடுத்த வருடம் சித்தப்பா வந்தார். அப்பாவின் தம்பி. கட்டாரில் ஏழு வருடம் யன்னலும் வலையும் பூட்டும் வேலை செய்தவர். இங்கே அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு, வேறொரு ஊரில் ஹைம் என்று சொல்லும் அகதிகள் விடுதியில், எட்டுப் பேர் படுக்கும் அறையில் கிடந்தார். அப்பா அலைந்து திரிந்து அனுமதி எடுத்து, அவரை எங்களோடு வைத்துக்கொண்டார். எங்கள் வரவேற்பறைச் சோபாதான் அவருடைய கட்டில். காலையில் நாங்கள் எழும்ப முன்னரே போர்வையை மடித்து, அங்கே ஒருவரும் படுக்காதது போல ஆக்கிவிடுவார். விருந்தாளியின் நாள்கணக்கு மாதக்கணக்கானால் வீட்டில் வரும் மௌனம் எங்கள் வீட்டிலும் வரத் தொடங்கியிருந்தது. அம்மா கெட்டவர் அல்ல. இரண்டு அறை வீட்டில் நாலு பேர், அவ்வளவுதான்.

குளவிக் கதையைக் கேட்டதும் சித்தப்பாவுக்கு உயிர் வந்தது.

“இதுக்கேன் அண்ணி பயப்பிடுறியள்? ஒரு ஈ உள்ள வராது. நான் செய்து தாறன்.”

சாமான் கடைக்கு என்னைத்தான் மொழிபெயர்க்கக் கூட்டிப்போனார். ஒட்டுப் பட்டியோடு வரும் துணி வலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார். பாலைவனத்தில் அதை வெயில் ஒரே வருடத்தில் தின்றுவிடும், விரலால் தொட்டால் பொரிந்து உதிரும் என்றார். பிறகு அலுமினியக் கம்பி வலைச் சுருள்களுக்கு முன் நின்று, சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்தார். உள்ளே ரவை. ஒரு சிட்டிகை எடுத்து ஒவ்வொரு வலையின் மேலும் தூவினார். ரவை விழுந்தால் மணல் பூச்சி நுழையும், விழாவிட்டால் நல்ல வலை. அதற்குப் பிறகு வலையில் வாயை வைத்து ஊதி, மறுபக்கம் கையை வைத்துப் பார்த்தார். காற்றும் வரவேண்டுமாம். கடைக்காரப் பெண் என்ன நடக்கிறது என்று என்னைக் கேட்டாள். என் சித்தப்பா சமைப்பதற்கு வலை பார்க்கிறார் என்று சொல்லி வைத்தேன்.

“டேய், குளவி ரவை சைசிலயே இருக்குது? இது பான். பாலைவனம் இல்லை,” என்று அப்பா வீட்டில் சிரித்தார்.

ஆனால் அந்த வருடம் பானும் பாலைவனமாகத்தான் கிடந்தது. மழையே இல்லை. முற்றத்துப் புல் வைக்கோலாகிவிட்டது. பிளம்ஸ் பழங்கள் பழுக்க முன்னரே வெடித்து விழுந்தன, குளவிகள் முற்றத்தைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டன. வாடகை வீட்டில் துளை போடக்கூடாது என்பதால் சித்தப்பா வலை அடித்த சட்டங்களைக் கொளுவிக் கொக்கிகளால் யன்னலுக்கு வெளிப்பக்கம் மாட்டினார். இங்கத்தைய யன்னல்கள் உள்ளே திறப்பதால் வலை எப்போதும் நமக்கு முன்னால் நிற்கும். அம்மா ஒரு வருடத்துக்குப் பிறகு யன்னலைத் திறந்து வைத்துச் சமைத்தார். முதல் நாள் வலையருகே வந்து, தன் முகத்துக்கு நேரே ஊர்ந்த ஒரு குளவியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். யன்னலைச் சாத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வலைக்குப் பராமரிப்பு நடக்கும். முதலில் காய்ந்த பிரஷ்ஷால் மேலிருந்து கீழே தட்டுவார். பிறகுதான் ஈரத் துணி. முதலில் தண்ணீர் ஊற்றினால் தூசி வலைக் கண்களில் இறுகிச் சீமெந்தாகிவிடும் என்பார். கடைசியாகச் சாமிப் படத்தடியிலிருந்து ஒரு ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்தி, சட்டத்தின் ஓரமெல்லாம் மெதுவாகக் கொண்டுபோவார். நல்ல வலைக்கு முன் புகை தயங்கி நிற்கும். ஓட்டை இருந்தால் இழுபட்டு வெளியே ஓடும். அம்மா அதை அரைப் பூசை என்று நினைத்தாரோ என்னவோ, அந்த நேரத்தில் குளித்துவிட்டு வந்து பக்கத்தில் நிற்பார்.

எல்லோருக்கும் நல்லதாக இருந்த அந்த வலை எனக்கு மட்டும் ஒரு இடைஞ்சல். மேல்வீட்டுச் சிநேகிதியும் நானும் ஸ்டிக்கர் மாற்றிக்கொள்வது அந்த யன்னலால்தான். வாசற்கதவைத் தேவையில்லாமல் திறக்கக்கூடாது என்பது குளவிக்காலச் சட்டம். யன்னலில் வலை வந்ததோடு எங்கள் தபால்நிலையம் மூடப்பட்டது. அவளிடம் பளபளக்கும் குதிரை ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, அம்மா உடுப்புத் தோய்க்கப் போன நேரம், நான் பென்சிலால் வலையின் கீழ் மூலையில் குத்தி, என் கைவேலைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். அது சாதாரணக் கத்தரிக்கோல் இல்லை. அதன் அலகுகளில் பல் பல்லாக இருக்கும். கடதாசியை வெட்டினால் ஓரம் மலையும் பள்ளமுமாக வரும். பள்ளிக்கூடத்தில் பிறந்தநாள் அட்டைகள் செய்ய வைத்திருந்தது. முற்றத்தில் நின்று அவள் நீட்ட, குதிரை உள்ளே வந்தது. நான் அம்மாவின் புதினாச் சாடியை நகர்த்தி ஓட்டைக்கு முன்னால் வைத்தேன்.

பள்ளிக்கூடம் கோடை விடுமுறை. அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் குசினியை விட்டு வெளியே போகவில்லை. சாடிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு காவல் இருந்தேன். ஒவ்வொரு குளவியும் வலையில் வந்து உட்கார்ந்து, மெல்ல மெல்லக் கீழ் மூலைக்கு நடப்பதாகவே எனக்குத் தெரிந்தது. சொல்லிவிடலாம் என்று பலமுறை வாயைத் திறந்தேன். அம்மா திரும்பிப் பார்ப்பார், நான் பசிக்குது என்பேன். அந்த வாரம் நான் நிறையச் சாப்பிட்டேன். பிள்ளை தன்னை விட்டுப் பிரியாமல் ஒட்டிக்கொண்டு இருக்கிறாள் என்று அம்மா தொலைபேசியில் பெருமைப்பட்டார்.

ஞாயிறு வந்தது. சித்தப்பா சாடியை அசைக்காமலே பிரஷ் முடித்து, துணி முடித்து, ஊதுபத்தியைக் கொளுத்தினார். புகை மேல் சட்டத்தில் தொடங்கி, இடப்பக்கம் இறங்கி, கீழே திரும்பியது. புகை சாடியை நெருங்கியபோது நான் இருமத் தொடங்கினேன். கண்ணீர் வருமட்டும் இருமினேன். கண்ணீர் மட்டும் பொய்யில்லை.

“சரி பிள்ளை, சரி. போதும்,” என்று சித்தப்பா ஊதுபத்தியைத் தண்ணீரில் நனைத்தார்.

இரண்டு நாள் கழித்துக் குளவி வந்தது. அம்மா மாம்பழம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் கழிப்பறைக்குப் போய்வந்த அந்த நாலு நிமிடத்துக்குள் அது வந்துவிட்டிருந்தது. நான் வாசலில் நின்றபோது அது அம்மாவின் மணிக்கட்டில், மாம்பழச் சாறு வழிந்த இடத்தில், உட்கார்ந்திருந்தது. அம்மா அசையவில்லை. உதடு மட்டும் அசைந்தது. நான் கத்தியிருக்க வேண்டும், ஏனென்றால் சித்தப்பா ஓடிவந்தார். அவர் துணியைத் தேடவில்லை, செருப்பைத் தேடவில்லை. வெறுங்கையால் அதை அள்ளிப் பொத்தினார். பொத்திய கைக்குள் அது அவரை இரண்டு தரம் கொட்டியது. அவர் கையைத் திறக்காமல் இறுக்கி நசுக்கினார்.

அம்மா சிவப்புப் பையை நெஞ்சோடு பிடித்தபடி சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கினார். கொட்டியதா, பயமா என்று யாருக்கும் தெரியவில்லை. சித்தப்பா அம்மாவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் விசிலுக்காகக் காது கொடுத்தபடி நின்றேன். அதைப்போல் ஒரு பயத்தை நான் பிறகு ஒருநாளும் பட்டதில்லை. விசில் வரவில்லை. அம்மாவுக்குக் கொட்டியிருக்கவில்லை.

பின்னேரம் அப்பா வேலையால் வந்ததும் விசாரணை தொடங்கியது. எங்காலை வந்தது? இத்தனை வலைக்குள்ளும் எப்படி வந்தது? சித்தப்பா வீங்கிய கையோடு எழும்பி யன்னலடிக்குப் போனார். புதினாச் சாடியை ஒரு பக்கம் நகர்த்தினார். எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, குனிந்து, கொஞ்சம் அதிக நேரம் நின்றார். நான் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அவர் சாடியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை.

“நான்தான் அண்ணை. குப்பை கொண்டுபோகேக்க வாசல் கதவைச் சாத்தாமல் போட்டன். மறந்துபோனன்.”

“ஒரு கதவைச் சாத்த ஏலாதோ உனக்கு?” அப்பா கத்தினார். “அவளுக்கு ஏதும் நடந்திருந்தா?”

அம்மா அழுதுகொண்டே, யாரையும் பார்க்காமல், “எனக்கு இனி ஏலாது. பயமாக் கிடக்கு,” என்றார். அது கோபத்தில் சொன்னது அல்ல. அன்றிரவே சித்தப்பா தன் பையை அடுக்கத் தொடங்கினார்.

எனக்கோ நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. குளவி கதவால் வந்திருக்கிறது! அப்படியானால் என் ஓட்டையால் வரவில்லை. நான் கொலைகாரி இல்லை. அந்த வாரத்தில் முதல் தடவையாக அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன். தூங்க முன்னர் சித்தப்பா மீது எனக்குக் கொஞ்சம் கோபமும் வந்தது என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். இவ்வளவு பெரிய ஆளுக்கு ஒரு கதவைச் சாத்தத் தெரியவில்லையே என்று.

அந்தச் சனிக்கிழமை சித்தப்பா ஹைமுக்கே திரும்பிப் போனார். அங்கேயும் எட்டுப் பேர் அறைதான். கட்டார் முகாமிலும் எட்டுப் பேர் அறைதான் என்று அவர் ஒருமுறை சொன்னது நினைவிருக்கிறது. அடுத்த வருடம் அவருடைய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இப்போது மறுபடியும் பாலைவனத்தில்தான் இருக்கிறார். எங்களோடு இருந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. மாறியிராது என்றுதான் அப்பா சொல்கிறார். நான் கேட்டதில்லை, அவராகவே சொல்கிறார்.

சென்ற கோடையில் அப்பாவும் அம்மாவும் அந்த வீட்டை விட்டார்கள். சாமான் கட்ட உதவிக்குப் போன நான்தான் குசினி வலையைக் கழற்றினேன். அதே வலை. கீழ் மூலையில், புதினாச் சாடிக்குப் பின்னால் நான் பிறகு ஒருநாளும் பார்க்கத் துணியாத இடத்தில், ஒரு தையல். நூலால் அல்ல, மிச்ச வலையிலிருந்து ஒவ்வொன்றாக உருவிய கம்பியால் தைத்தது. தையல் நேராகப் போகவில்லை. மேலும் கீழுமாக, மலையும் பள்ளமுமாக ஏறி இறங்கியது. எண்ணினேன். ஒன்பது பற்கள். ஒவ்வொரு பல்லின் நுனியையும் மடித்து, பிசிர் யார் கையிலும் குத்தாதபடி சித்தப்பா அமர்த்தியிருந்தார். வீங்கிய கையால் செய்திருக்கிறார். அந்த வீட்டில் பல்லுக் கத்தரிக்கோல் வைத்திருந்தது யார் என்று ஒன்பது தரம் பார்த்துப் பார்த்துத் தைத்திருக்கிறார். “என்ன தேடுறாய்?” என்று அம்மா கேட்டார். நான் பசிக்குது என்றேன்.

சித்தப்பா புறப்பட்ட அந்தச் சனிக்கிழமைக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பா காரை எடுக்கப் போயிருந்தார். சித்தப்பா ஒரே ஒரு பையோடு வாசலில் நின்று, அந்தப் பிரஷ்ஷை என் கையில் தந்தார்.

“இனி ஞாயிற்றுக்கிழமையில நீங்கள்தான் பாக்கோணும். முதல் காய்ஞ்ச பிரஷ். தண்ணி பிறகு.”

நான் தலையாட்டினேன். அவரை அப்படியே அனுப்ப மனமில்லாமல், நல்ல பிள்ளையாக ஒரு புத்தி சொன்னேன்.

“சித்தப்பா, போற இடத்திலயாவது கதவைச் சாத்தப் பழகுங்கோ.”

அவர் சிரிக்கவில்லை. “ஓம் பிள்ளை, பழகுறன்,” என்றார்.

அவர் படியிறங்கியதும், எப்படிச் சாத்துவது என்று அவருக்குக் காட்டுவதற்காக, கதவை நான் பூட்டு விழும் சத்தம் கேட்க இறுக்கிச் சாத்தினேன்.