நெட்டா தேடிய திருகு

நெட்டா ஹோல்ராய்டுக்கு எதையும் தொட்டுப் பார்த்தாக வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் அவள் பார்வை மங்கத் தொடங்கியது. ஐம்பதில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிவதோடு சரி. ஆனால் இந்தப் பழக்கம் அதனால் வந்ததல்ல என்று அவள் கணவன் வில்ஃப் அடித்துச் சொல்வான். கல்யாணமான முதல் வாரமே அவனுடைய மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரைக் கழற்றி, சாப்பாட்டு மேசைமேல் பரப்பி வைத்தவள் அவள். திரும்பப் பூட்டியதும் அவளே. வண்டி முன்னைவிட நன்றாக ஓடியது என்பதை மட்டும் அவன் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊரில், ஒரு மேட்டுத் தெருவில், வரிசையாக ஒட்டிக் கட்டிய கல்வீடுகளில் கடைசி வீடு அவர்களுடையது. வில்ஃப் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். நெட்டா ஆஸ்பத்திரித் தொலைபேசி இணைப்பகத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்தாள். பேசுகிற டாக்டர் படியேறி வந்து பேசுகிறாரா, லிஃப்டில் வந்தாரா என்று மூச்சை வைத்தே சொல்லிவிடுவாள். அறுபத்து நாலு வயதாகியும் அந்தக் காது கொஞ்சமும் மந்தமாகவில்லை.

ஒரு அக்டோபரில், வீட்டுக்குச் சூடும் குழாய்க்கு வெந்நீரும் தரும் கேஸ் பாய்லரை வருடா வருடம் சோதிக்க வரும் ஃபாருக் வந்தான். முன்னறையில் கணப்புக்குப் பின்னால் சுவருக்குள் ஒளிந்திருந்த பழைய பாய்லர் அது. முட்டிபோட்டு உள்ளே தலையை விட்டவன், வெகுநேரம் வெளியே வரவில்லை.

"ஆன்ட்டி, புகை போற குழாய்ல விரிசல் விட்டிருக்கு. இதுக்குப் பார்ட்ஸும் இப்ப வர்றதில்ல. இனிமே பத்த வைக்கவே கூடாது."

எதையோ கிழித்து ஒட்டும் சத்தம் கேட்டது.

"என்ன ஒட்டுறே?"

"அபாயம், பயன்படுத்தாதீர்கள்னு."

"என்ன நிறம்?"

"சிவப்பு."

"தபால் பெட்டிச் சிவப்பா, தக்காளிச் சிவப்பா?"

ஃபாருக் கொஞ்சம் யோசித்தான். "தபால் பெட்டி."

நெட்டா திருப்தியாகத் தலையாட்டினாள். பிறகு அந்த விரிசலில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும் என்றாள். ஃபாருக்கும் மறுக்கவில்லை. அவள் கையைப் பிடித்து உள்ளே வழிகாட்டினான். மயிரிழை போலத்தான் இருந்தது. இந்த இடுக்கு வழியாக, வாடையே இல்லாத ஒரு விஷக்காற்று தங்கள் முன்னறைக்குள் வந்திருக்கக்கூடும் என்பது அவளைப் பயமுறுத்தியதைவிட ஆச்சரியப்படுத்தியது.

புதிய பாய்லரைத் தேர்ந்தெடுப்பது சுலபமாகவே முடிந்தது. மாடியில் அலமாரிக்குள் ஒரு செம்புத் தொட்டி நிறைய வெந்நீரைச் சேர்த்து வைப்பது ஒரு வகை; இதுவரை அவர்கள் வீட்டில் இருந்தது அதுதான். தொட்டியே இல்லாமல், குழாயைத் திறந்ததும் ஓடுகிற தண்ணீரை ஓட்டத்திலேயே சுடவைப்பது இன்னொரு வகை.

"ஓடுறப்பவேயா? அதுக்குள்ள எப்படிச் சுடும்?"

ஃபாருக் வண்டியிலிருந்து ஒரு பழைய உதிரிப்பாகம் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தான். மெல்லிய தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டிய, ஒரு புத்தகம் அளவு இரும்புக் கட்டி. ஒரு இடுக்கில் சுடுநீர், அடுத்த இடுக்கில் பச்சைத் தண்ணீர், இப்படி மாறி மாறி ஓடும் என்றான். நெட்டா அதை அரைமணி நேரம் கீழே வைக்கவில்லை. அதன் ஓட்டைகளில் வாய் வைத்து ஊதி, காற்று எந்த ஓட்டை வழியாக வெளியே வருகிறது என்று பார்த்தாள்.

"அது யாரு வீட்டு பாய்லர்ல இருந்ததோ, வாயை வைக்கிறா பாரு," என்றான் வில்ஃப்.

மேட்டுத் தெரு என்பதால் தண்ணீர் போதுமான வேகத்தில் வருகிறதா என்று ஃபாருக் ஒரு வாளியும் கடிகாரமுமாகச் சமையலறைக் குழாயில் அளந்தான். வந்தது. வீட்டில் இரண்டே பேர், ஒரே குளியலறை. அளவில் நடுத்தரமான, தொட்டியில்லாத பாய்லரே போதும் என்று முடிவாயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் இருப்பதிலேயே பெரியதாக வாங்கச் சொன்னார். "ரெண்டு பேருக்கு டபுள் டெக்கர் பஸ்ஸா ஓட்டுறது, மினி வேன் போதும்" என்கிற பாணியில் வில்ஃப் அவருக்கு டிப்போ கணக்கில் பதில் சொல்லி அனுப்பினான்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. பழைய பாய்லரில் கணப்புப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு குமிழ் உண்டு. அதை எவ்வளவு திருப்பினால் எவ்வளவு சூடு என்று நெட்டாவின் விரல்களுக்குத் தெரியும். புதியதில் அப்படி எதுவும் கிடையாது. சுவரில் ஒரு தனிக் கருவி இருக்கும். அது கம்பியில்லாமல், ரேடியோ அலையில், சமையலறையில் வரப்போகும் பாய்லரோடு பேசும். அதில் நூறு வகை.

ஒரு பெரிய கம்பெனியின் விற்பனையாள் வந்து, தங்களுடைய கருவியை அவள் கையில் வைத்தான். வழவழப்பான கண்ணாடிச் சில்லு. நெட்டா நாலு ஓரத்தையும் தடவினாள், பின்பக்கத்தைத் தடவினாள், மறுபடி முன்பக்கத்துக்கு வந்தாள்.

"இதுல பொத்தான் எங்க இருக்கு?"

"பொத்தானே தேவையில்ல மேடம். எல்லாம் திரையிலயே தெரியும். போன்லயும் பார்க்கலாம்."

"எனக்குக் கண்ணு தெரியாது."

அவன் வில்ஃப் பக்கம் திரும்பினான். "அதான்... சார் இருக்காரே, அவர் பார்த்துக்குவாரு இல்லையா?"

"நானா?" என்று வில்ஃப் சிரித்தான். "தம்பி, நான் ஜனவரியில அரை டவுசர் போடுற ஆளு. சூடு என் கையில இருந்தா இவ ஒரு வாரத்துல ஐஸ் கட்டியாகிடுவா."

வில்ஃப் வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆனால் அந்த ஆள் போன பிறகும் நெட்டாவின் விரல்கள் பழைய குமிழைத் தடவிக்கொண்டே இருந்தன. தன் வீட்டில் குளிர்கிறதென்றால் அதற்கு இன்னொருவரைக் கூப்பிட வேண்டுமா என்ற எண்ணம் அவளை உறுத்தியது. போனை வாய்விட்டுப் பேசவைக்க அவளுக்குத் தெரியும். தினமும் அதைத்தான் செய்கிறாள். ஆனால் குளிரில் விறைத்த விரலோடு எழுந்து வந்து ஒன்றைத் திருகுவதற்கு அது ஈடாகாது.

மறுநாள் ஃபாருக்குக்குப் போன் செய்தாள். "நீ சாமான் வாங்குற கடைக்கு என்னைக் கூட்டிட்டுப் போ. எல்லாத்தையும் தொட்டுப் பார்க்கணும்."

அது ஊருக்கு வெளியே தொழிற்பேட்டையில் இருந்த கடை. காலை ஏழரை மணிக்கு ப்ளம்பர்கள் வரிசையில் நின்று, கையில் டீயும் பன்றி இறைச்சி ரொட்டியுமாக வம்பளந்துகொண்டிருந்தார்கள். வெள்ளைக் கோலோடு ஒரு பெண்மணி உள்ளே வந்ததும் வரிசை ஒதுங்கி வழிவிட்டது. கவுண்டரில் இருந்த பெர்னி என்ற பெண், கடையிலிருந்த அத்தனை மாதிரிகளையும் எடுத்து வரிசையாக வைத்தாள்.

"எடுத்துக்கங்க. உடைச்சீங்கன்னா ஃபாருக் தலையில கட்டிடுறேன்."

நெட்டா ஒவ்வொன்றாக எடுத்தாள். கண்ணாடிகளை ஒதுக்கினாள். மேலும் கீழும் அம்புக்குறி போட்ட பொத்தான் வைத்தவையும் உதவாது. எத்தனை தடவை அமுக்கினாலும் எந்த எண்ணில் நிற்கிறது என்று தெரியப்போவதில்லை. அடுத்தது வட்டமான, அழகான திருகு. அரை டிகிரிக்கு ஒருமுறை 'டக்' என்று விரலில் தட்டியது. எல்லோரும் அதுதான் என்று நினைத்தார்கள். நெட்டா திருகினாள், திருகினாள், திருகிக்கொண்டே இருந்தாள்.

"இது நிக்கவே மாட்டேங்குதே."

"அது சுத்திக்கிட்டே இருக்கும், ஆன்ட்டி. எண்ணு திரையில வரும்."

"அப்ப நான் எங்கேயிருந்து எண்ணுறது?"

வரிசையில் நின்ற ஒரு தடித்த ப்ளம்பர் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, அந்தத் திருகை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு திருப்பிப் பார்த்தார். "அட, ஆமா," என்றார். "நான் இதைப் பார்வை மங்கின கிழவங்க வீட்டுலயெல்லாம் மாட்டியிருக்கேனே." இன்னொருவர் வாங்கினார். சிறிது நேரத்தில் ஏழெட்டுப் பேர் கண்ணை மூடிக்கொண்டு திருகிக்கொண்டிருந்தார்கள்.

பெர்னி உள்ளே போய், அலமாரியின் அடித்தட்டிலிருந்து தூசி படிந்த ஒரு பெட்டியைக் கொண்டுவந்தாள். யாரும் கேட்டு வாங்காத மாடல் அது. கனமான திருகு, விளிம்பில் ஒரு மேடு. இடதுகோடிக்குத் திருப்பினால் 'டங்' என்று இடித்து நின்றது. அங்கே ஐந்து டிகிரி. அங்கிருந்து ஒவ்வொரு தட்டும் ஒரு டிகிரி. நெட்டா பதினைந்து எண்ணி நிறுத்தினாள்.

"இருபது," என்றாள்.

"இருபதேதான்," என்றாள் பெர்னி.

பாய்லர் சமையலறை அலமாரிக்குள் போயிற்று. மாடியில் இருந்த செம்புத் தொட்டியைப் பெயர்த்து எடுத்துப்போனார்கள். திருகுக் கருவியை நடைவழியில் மாட்டினான் ஃபாருக். வீட்டின் நடுச்சுவர் இரண்டடி கனமுள்ள கல். ரேடியோ அலை அதைத் தாண்டத் திணறும். படிக்கட்டுக்குக் கீழே இருந்த சின்ன அறையின் பின்புறம் மட்டும் பலகைத் தடுப்பு. அதற்கு நேராக வைத்தால் அலை சுலபமாகப் போகும் என்று இடம் பார்த்து வைத்தான்.

மூன்று வாரம் வீடு கதகதப்பாக இருந்தது. நவம்பர் நடுவில் திடீர் திடீரென்று சூடு நின்றுபோனது. பாய்லரின் சுடுநீர் ஓடி அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் சில்லிட்டுக் கிடக்கும். ஃபாருக் வந்தான், எல்லாவற்றையும் சோதித்தான். எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. அவன் போன சாயங்காலமே மறுபடி நின்றது. இரண்டாவது தடவையும் இதே கதை.

"உன்னைப் பார்த்தா அதுக்கு மரியாதை வந்துடுது போல," என்றாள் நெட்டா போனில். ஃபாருக்குக்குச் சிரிப்பு வரவில்லை. தன் வேலையில் ஏதோ பிசகு என்று அவன் குமைவது குரலிலேயே தெரிந்தது.

மூன்றாவது தடவை நின்றபோது அவள் அவனைக் கூப்பிடவில்லை. நடைவழியில் நின்று திருகை இடதுகோடிக்குக் கொண்டுபோனாள், பிறகு வலது பக்கம் முழுவதும் திருப்பினாள். வழக்கமாக, இரண்டு மூச்சு விடும் நேரத்தில் சமையலறை அலமாரிக்குள் ஒரு மெல்லிய 'டிக்' கேட்கும். பாய்லருக்கு உத்தரவு போய்ச் சேர்ந்த சத்தம். இப்போது கேட்கவில்லை. கருவியைச் சுவரிலிருந்து கழற்றினாள். முன்னறைக்குப் போய் சமையலறைக் கதவோரம் நின்று திருப்பினாள். 'டிக்.' நடைவழிக்குத் திரும்பி வந்து திருப்பினாள். மௌனம். மாடிப்படியில் நாலு படி ஏறித் திருப்பினாள். 'டிக்.'

அப்படியென்றால் கருவியும் சரி, பாய்லரும் சரி. நடுவில் எதுவோ நிற்கிறது. மனசுக்குள் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள். கோடு படிக்கட்டுக்குக் கீழே போயிற்று. குனிந்து அந்த அறையின் கதவைத் திறந்து கையை நீட்டினாள். விளக்குமாறு இருந்த இடத்தில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு எஃகுப் பீப்பாய். அதைச் சுற்றி, சூடு சுவருக்குள் போகாமல் இருக்க ரேடியேட்டருக்குப் பின்னால் ஒட்டிய வெள்ளித்தாளில் மிச்சம் இருந்ததைப் போர்த்தியிருந்தது. காதை வைத்தாள். உள்ளே மெதுவாக நுரை வெடித்துக்கொண்டிருந்தது.

"வில்ஃப்!"

வில்ஃப் தயங்கித் தயங்கி வந்தான். "பீர்தான். மாடியில தொட்டி இருந்த அலமாரி கதகதன்னு இருக்கும். அங்கதான் புளிக்க வைப்பேன். தொட்டியத் தூக்கிட்டீங்க, நான் எங்க போறது?"

"ஃபாருக் வந்தப்போ மட்டும் எப்படி எல்லாம் சரியா ஓடிச்சு?"

வில்ஃப் கழுத்தைச் சொறிந்தான். "அவன் தொழுறவன் இல்லையா. வீட்டுல பீர் வாடை அடிச்சா நல்லாவா இருக்கும்? அவன் வர்றான்னதும் பின்கட்டுக்கு உருட்டிடுவேன்."

நெட்டா படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார்.

விஷயத்தைக் கேட்ட ஃபாருக் முதலில் நெடுமூச்சு விட்டான். "அங்கிள், இந்த ஊர்ல பாதி பப்புக்கு நான்தான் பாய்லர் பார்க்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே."

"மரியாதை காட்டினேன்டா," என்றான் வில்ஃப் பரிதாபமாக.

"இரும்பும் தண்ணியும் வெள்ளித்தாளும். அலையைத் தடுக்கணும்னு நினைச்சுச் செஞ்சாக்கூட இவ்வளவு கச்சிதமா அமையாது."

பீப்பாய் படுக்கையறை ஜன்னலோரம் குடியேறியது. அந்த வாடையோடு தூங்கச் சம்மதிக்க நெட்டா ஒரு நிபந்தனை போட்டாள்: பீர் எப்படிப் புளிக்கிறது என்று அவளுக்கு முதலிலிருந்து கற்றுத்தர வேண்டும்.

ஃபாருக் இதைக் கடையில் சொல்ல, பெர்னி நெட்டாவின் எண்ணைக் கவுண்டரில் எழுதி ஒட்டிவைத்தாள். கண்பார்வை குறைந்தவர்கள் வீட்டில் எதை மாட்டுவது என்று ப்ளம்பர்கள் அவளைக் கேட்க ஆரம்பித்தார்கள். வியாழக்கிழமைகளில் நாலைந்து மாதிரிகளைப் பையில் போட்டுக்கொண்டு நெட்டா பஸ் ஏறினாள். முதலில் போனது, சவர்பி பிரிட்ஜ் என்ற பக்கத்து ஊரில் தனியாக இருந்த மெர்வின் என்ற முன்னாள் தபால்காரர் வீட்டுக்கு. அவருக்குச் சர்க்கரை நோயால் பார்வை போய் ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

"எனக்கு எதுவும் வேணாம்," என்று கதவைப் பாதி திறந்தபடி சொன்னார் அவர். "மக வர்றப்போ சூட்டைப் போட்டுவிடுவா. அவ வாரத்துக்கு ஒருதரம் வருவா."

"சரி," என்றாள் நெட்டா. "ஆனா வெளியில மழை பெய்யுது. உள்ள வந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போகலாமா?"

சமையலறையில் அவர் கெட்டிலைத் தேடித் தடவிக்கொண்டிருந்தபோது, அவள் ஒரு திருகை மேசையில் வைத்து, இடதுகோடியிலிருந்து நிதானமாகத் திருப்பத் தொடங்கினாள். ஐந்தாறு தட்டுக்குப் பிறகு அவர் கை கெட்டிலின் மேல் அப்படியே நின்றது.

"என்ன சத்தம் அது?" என்று கேட்டார்.