ஊறப்போடாத படகு

யெர்கோ வீட்டுக்குள் உப்பைக் கேட்டால் பக்கத்து வீட்டில் எடுத்துக்கொண்டு வருவார்கள் என்பது தீவில் பழைய கேலி. கரைக்கும் தீவுக்கும் நடுவே ஓடும் கப்பலின் கீழ்த்தளத்தில் கார்களை இடிக்காமல் நெருக்கி நிறுத்துவது ஓய்வு பெறும்வரை அவர் வேலை. எஞ்சின் சத்தத்தை மீறிக் கத்தியே பழகிய தொண்டை. ஓய்வுக்குப் பிறகு அந்தக் குரலைத் துறைமுகத்துக் காபிக் கடையில் செலவழித்தார். ஊரில் பாதிப் பேருக்குப் பட்டப்பெயர் அவர் வைத்ததுதான். இங்கே பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டால் ஆளோடு முடியாது, பேரன் பேத்தி வரைக்கும் போகும்.

எதிர்வீட்டுப் புரோஸ்பருக்கு அவர் வைத்த பெயர் 'சல்லடை'. குளிர்காலம் முழுக்கக் கரையில் கிடந்த மரப்படகின் பலகைகள் காய்ந்து இடுக்கு விட்டிருக்கும். ஓட்டுவதற்கு முன் ஆழமில்லாத தண்ணீரில் பாதி முழுகவிட்டு நாலைந்து நாள் ஊறப்போட வேண்டும். மரம் உப்பி, இடுக்கு தானாக மூடிக்கொள்ளும். தீவில் நடை பழகும் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். புரோஸ்பர் ஒரு கோடையில் அவசரப்பட்டார். கயிற்றில் கட்டிய இடத்திலேயே படகு மூழ்கி உட்கார்ந்துவிட்டது. அன்று மாலைக்குள் அவர் சல்லடை ஆகியிருந்தார்.

இந்த வருடம் குடலிறக்க ஆபரேஷனால் யெர்கோவின் படகு ஜூலை வரை கரையிலேயே கிடந்தது. மகள் தலைநகர் ஸாக்ரெப்பிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு அடுத்த கப்பலில் திரும்பிப் போனாள். பெத்ராவுக்குப் பத்து வயது, தம்பி லோவ்ரேக்கு ஆறு.

“தாத்தா, படகு எங்க? வந்த ஒடனே போலாம்னு போன்ல சொன்னீங்கல்ல?” என்றான் லோவ்ரே.

“ஊறணும்டா. நாலு நாள் பொறு.”

“ஊறுறதுக்கு அது என்ன பீன்ஸா?” என்றாள் பெத்ரா.

யெர்கோ சிரித்துவிட்டார். ஆனால் லோவ்ரேயின் முகம் தொங்கிப் போனதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மறுநாள் காலை படகுக்குள் நாலு வாளி தண்ணீர் ஊற்றினார். காற்றில்லை, பக்கத்தில்தானே போகிறோம், போதும் என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

விரிகுடாவின் வாயில் இருக்கும் மொட்டைப் பாறை வரை போனார்கள். தர்ப்பூசணியை வலைப்பையில் போட்டுக் கடலுக்குள் தொங்கவிட்டார். பிள்ளைகள் படகின் முனையிலிருந்து குதித்தார்கள், ஏறினார்கள், மறுபடி குதித்தார்கள். தண்ணீருக்கடியில் அவர்களுடைய கால்கள் பச்சை வெளிச்சத்தில் உடைந்து உடைந்து தெரிந்தன. இதற்காகத்தான் குளிர்காலத்தைத் தள்ளினோம் என்று யெர்கோ நினைத்துக்கொண்டிருந்தபோது பெத்ரா சொன்னாள்:

“தாத்தா, கீழ இருக்கற பலகை மிதக்குது.”

இடுக்குகளில் தண்ணீர் சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது. எஞ்சின் இருமி நின்றது. பெத்ரா தகர டப்பாவை எடுத்து இறைக்கத் தொடங்கினாள். யாரும் சொல்லித்தரவில்லை. மிதவைச் சட்டைகள் இருந்தன, கரையும் தூரமில்லை. இருந்தாலும் லோவ்ரே அழுதான். புரோஸ்பர் பார்த்துவிட்டுத் தன் படகில் வந்து, கயிறு கட்டிக் கரைக்கு இழுத்துப் போனார்.

காபிக் கடையில் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள்.

“என்ன யெர்கோ, படகுக்குள்ளயே நீச்சல் கொளமா?” என்றாள் கடைக்காரி ஸோர்கா.

சல்லடை என்ற சொல் யார் வாயிலிருந்தோ கிளம்பப் போகிறது என்று அவருக்குத் தெரிந்தது. அதற்குள் அவர் வாய் முந்திக்கொண்டது.

“புள்ளைங்கள ஏத்திட்டுப் போனா இப்படித்தான். இவ அடித் தக்கைய ஒதச்சுத் தள்ளிட்டா.”

கரை முழுக்கக் கேட்டது. பெத்ரா டப்பாவைக் கையில் பிடித்தபடி நின்றாள். படகின் அடியில் தண்ணீர் வடிக்கும் துளையைக் குனிந்து பார்த்தாள். அதை அடைக்கும் தக்கை அங்கேயே செருகியிருந்தது. பிறகு அவரைப் பார்த்தாள்.

“அப்ப இனிமே இவ பேரு தக்கை,” என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். யெர்கோவும் சிரித்தார்.

ஊறப்போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். எஞ்சின் ரிப்பேர் என்று சொல்லிப் படகைத் திரும்பக் கரையேற்றினார்.

துறைமுகத்துப் பிள்ளைகள் “தக்கை, குதி! நீதான் மூழ்க மாட்டியே!” என்று கத்தினார்கள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பெத்ரா கடலில் குளிக்கப் போவதை நிறுத்தினாள். வயிற்றுவலி என்றாள். ஜன்னலைச் சாத்திக்கொண்டு கட்டிலில் கிடந்தாள். ஒரு மாலை அம்மாவோடு போனில் பேசும்போது “நல்லாத்தான் இருக்கேன், தாத்தா நல்லா பாத்துக்கறாரு,” என்றாள். அடுப்படியில் மத்தி மீனைக் கழுவிக்கொண்டிருந்த யெர்கோ குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவளாவது தன்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம் என்று இருந்தது அவருக்கு.

மறுநாள் காலை, கடையில் கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து, படகை எல்லோர் கண்ணுக்கும் எதிரே ஆழமில்லாத இடத்தில் இறக்கி, தண்ணீரை உள்ளே விட்டார்.

“தக்கை புதுசா போட்டாச்சா?” என்றாள் ஸோர்கா.

யெர்கோ ஏதோ சொன்னார்.

“என்னது? கேக்கல.”

வாழ்க்கையில் முதல் முறையாக அவர் பேச்சு யாருக்கும் கேட்கவில்லை. கப்பல் குரலில் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

“தக்கை அதோட எடத்துலதான் இருந்துச்சு. ஊறப்போடாம எறக்குனது நான். பழிய புள்ள மேல போட்டுட்டேன்.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது. புரோஸ்பர் கோப்பையில் கரண்டியைச் சுற்றிக்கொண்டே சொன்னார்:

“கயிறு கட்டறப்பவே பாத்தேன், தக்கை இருந்துச்சு.”

“அப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“சல்லடையில எதுவும் தங்காதுன்னு நீதான சொன்ன? இது மட்டும் தங்கிடுச்சு.”

வீட்டுக்குப் போய்ப் பெத்ராவின் கட்டில் ஓரம் நின்றார். “சொல்லிட்டேன் கண்ணு, எல்லார் முன்னாடியும்.”

“கேட்டுச்சு,” என்றாள் அவள். ஜன்னல் திறந்திருந்தது.

படகு ஊறி முடிந்த அன்று மூவரும் போனார்கள். கரையில் யாரோ “சல்லடைத் தாத்தா” என்றது காதில் விழுந்தது. யெர்கோ கையை உயர்த்திக் காட்டினார். பாறையருகே லோவ்ரே குதித்தான். பெத்ரா நடுப்பலகையில் உட்கார்ந்திருந்தாள், முழங்கால்களுக்கு நடுவே தகர டப்பா.

“மரம் நல்லா உப்பிடுச்சு கண்ணு. இனிமே ஒழுகாது. டப்பாவ வெச்சுட்டுக் குதி.”

“இருக்கட்டும் தாத்தா,” என்றாள் அவள், அடிப்பலகையைப் பார்த்தபடி.

அவர் இரண்டாவது முறை சொல்லவில்லை.