அக்காவுக்குக் கொடுத்த மாத்திரை

அக்காவுக்கு உடம்பில் ரத்தம் ஊறாமல் போனது அறுபதுகளின் கடைசியில். காரிமங்கலத்தில் டீச்சர் வேலை. பாடம் நடத்தும்போதே மயங்கி விழுந்தாள். சேலத்தில் சோதித்துப் பார்த்து நோயைச் சொன்னார்கள். மாத்திரை எழுதிக் கொடுத்தவர் தர்மபுரி டாக்டர். ஒரு நாள்கூட விடக் கூடாது என்றார்.

அக்கா வாயை மூடிக்கொண்டு வருகிறவள் இல்லை. "இதனால வேற கெடுதல் ஏதாச்சும் வருங்களா?" என்று என் எதிரிலேயே கேட்டாள்.

"குரல் கட்டும், மீசை லேசா அரும்பும். அவ்வளவுதாம்மா" என்று சிரித்தார்.

ரத்தம் ஊறியது. அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. அவர் சொன்ன ரெண்டும் கூடவே வந்தன. சர்ச்சில் முதல் குரல் எடுப்பவள் பாட்டையே விட்டாள். பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போனதோடு சரி. "உசுரு இருக்குதில்ல, போதும்டி" என்பாள். எனக்குத்தான் ஆறாது.

சில வருஷத்தில் கண் மஞ்சளானது. மஞ்சக்காமாலைக்கு ஆஸ்பத்திரி போகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. அம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள், உப்பில்லாப் பத்தியம் வேறு. எண்ணெய், கறி எல்லாம் நிறுத்தினோம். மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. மாசாமாசம் அப்பா போய் டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கி வருவார். கைவைத்தியம் என்றால் டாக்டர் திட்டுவார் என்று அப்பா காமாலைப் பேச்சையே எடுக்கமாட்டார்.

வலது விலாவுக்குக் கீழே வீங்கிய பிறகு பெங்களூருக்குக் கூட்டிப் போனோம். அங்கிருந்த டாக்டரம்மா சீட்டைப் பார்த்தார். "ஈரல்ல கட்டி. இந்த மாத்திரையை வருஷக்கணக்கா சாப்பிட்டா சிலருக்கு வரும். உங்ககிட்ட சொல்லலியா?"

"நான் கேட்டேனே" என்றாள் அக்கா. கட்டி உள்ளேயே உடைந்து, அந்த வாரமே போய்விட்டாள்.

அடக்கம் முடிந்ததும் நேரே தர்மபுரி டாக்டரிடம் போனேன். "உங்களுக்குத் தெரியுங்களா?" என்று கேட்டேன்.

"நடுவுல புஸ்தகத்துல படிச்சேன். சொன்னா பயந்து நிறுத்திடுவா. நிறுத்தினா முன்னாடியே போயிருப்பாம்மா."

இருக்கலாம். ஆனால் என் அக்காவா பயந்தவள்? குரலையும் கல்யாணத்தையும் விட்டுக்கொடுத்து உயிரை வைத்துக்கொண்டவள். ஈரலைக் கெடுக்கலாம் என்று அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால், கண் மஞ்சளான அன்றைக்கே பஸ் ஏறி அவர் முன்னால் போய் உட்கார்ந்திருப்பாள்.